எந்தப் பெலவீனம் என்று ஐயர் கேட்டார்

என் பெயர் ஜெபசிங். பாளையங்கோட்டைக்குப் பக்கத்துச் சபை. வயது முப்பத்து நாலு. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுவது தொழில். என் மனைவியின் வலது கையை முறுக்கி ஒடித்தவன். கடைசியில் சொன்னதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் இது சாட்சியாக இருக்காது, விளம்பரமாக இருக்கும். அதனால்தான் ஊர், பேரோடு சேர்த்து அதையும் சொல்லிவிட்டேன்.

ஆண்டவருடைய வீட்டாரே, இனி வருவதில் பாதி நாம் சபையில் பேசக் கூச்சப்படுகிற விஷயம். கூசிக் கூசித்தான் நான் கெட்டேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாலு வருடத்துக்கு முன், பிசான நெல் அறுப்புக் காலம். எனக்கும் எப்சிபாவுக்கும் கல்யாணமாகி எட்டு மாதம். அவள் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நான் விடிந்தால் மெஷினில் ஏறுவேன். அம்பாசமுத்திரம் தொடங்கி சேரன்மகாதேவி வரைக்கும் ஆற்றுப் பாசன வயல்கள்தான் எனக்கு வேலை. ஒரு வயலில் ஈரம் வடியவில்லை. மெஷின் ஒரு பக்கமாகப் புதைந்துவிட்டது. அடியில் கட்டையைக் கொடுத்துத் தோளால் நெம்பினேன். முதுகுக்குள் யாரோ எதையோ பிடுங்கின மாதிரி இருந்தது. சேற்றில் குப்புற விழுந்தேன். வாய்க்குள் சேறு போனதால் கத்தக்கூட முடியவில்லை.

டாக்டர் பத்து நாளுக்கு வலி மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் மெஷினில் ஏறக்கூடாது என்றார். நான் கேட்கிற ஆளா? நாலாம் நாளே ஏறினேன். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். மனசும் லேசாகும். பத்து நாள் முடிந்தது, நான் நிறுத்தவில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டேன். மருந்துச் சீட்டு கேட்காமல் கொடுக்கிற ஆளும் கிடைத்தான். முதலில் வலிக்காகப் போட்டேன். பிறகு, போடாவிட்டால் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், எதிரே வருகிறவனைக் கடிக்கத் தோன்றும் என்பதற்காகப் போட்டேன். குடிக்காதவன், பீடி தொடாதவன் என்று சபையில் எனக்கு நல்ல பேர். அந்தப் பேருக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

ஒரு வருடத்துக்குள் என் உடம்பில் இன்னொன்று நின்றுபோனது. சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மனைவி மேல் ஆசை அற்றுப்போனது. அவள் பக்கத்தில் வந்தால் கட்டையாகக் கிடப்பேன். முயன்றாலும் விறைப்பு வராது. ஒரு நாள், இரண்டு நாள் என்றால் அலுப்பு என்று சொல்லலாம். மாதக் கணக்கில் போனது. தினமும் சவரம் செய்தவனுக்கு வாரம் ஒரு தடவை போதும் என்று ஆனது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வேர்த்துக் கொட்டியது. எனக்குப் பயம் வந்தது. பயந்திருக்கிறேன் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் கோபப்பட்டேன்.

ஒரு காலையில் இட்லி வைத்துக்கொண்டே பையக் கேட்டாள்.

"அத்தான், ஒடம்புக்கு என்ன செய்யுது? ஆசுபத்திரிக்குப் போவமா?"

கொதிக்கிற சாம்பாரைக் கிண்ணத்தோடு அவள் மேல் வீசினேன். "எனக்கு என்ன கொறச்சல்னு ஆசுபத்திரிக்குக் கூப்பிடுதே? எவன் ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்று கத்தினேன். கழுத்தில் கொப்புளத்தோடு பள்ளிக்கூடம் போனாள். சமைக்கும்போது கொட்டிவிட்டது என்று அங்கே சொன்னாளாம். அதன் பிறகு கை நீட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. முடியாத நாளெல்லாம் அடித்தேன். முடியவில்லை என்பதை அவள் சொல்லிவிடக்கூடாது என்று அடித்தேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆனதும் ஊர் சும்மா இருக்குமா? "விசேஷம் உண்டா?" என்று கேட்காத ஆள் இல்லை. பெண்கள் கூட்டத்தில் எப்சிபாவை நடுவில் முழங்காலில் நிற்க வைத்து, தலையில் கை வைத்து, கர்ப்பத்தின் கனிக்காக ஜெபித்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். என் அம்மா மட்டும் ஒரு நாள் எங்கள் வாசலிலேயே நின்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார்.

"எம் பிள்ள ஒழுங்காத்தான் விதைக்கான். நெலம் சரியில்லன்னா அவன் என்ன செய்வான்?"

நான் உள்ளே நின்றேன். எப்சிபாவும் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறு வாரம் அவளை லேடி டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து, ஒரு குறையும் இல்லை, கணவரை அழைத்து வரவும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நாலாகக் கிழித்து அவள் வாயில் திணித்தேன். மூச்சு முட்டி அவள் கண் பிதுங்கின பிறகுதான் கையை எடுத்தேன்.

வீட்டில் புலி, வெளியே நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு லாட்ஜ் அறைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, நரம்பில் சூடு என்று ஒரு டப்பா லேகியம் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லேகியத்தில் மூன்று நாள் வயிற்றால் போனது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

ஜெபிக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு இருக்கிறது. நம் சபைகளில் ஒரு வார்த்தை உண்டு, பெலவீனம். காய்ச்சலும் பெலவீனம்தான், புற்றுநோயும் பெலவீனம்தான், மருமகள் சண்டையில் வந்த தலைவலியும் பெலவீனம்தான். ஜெபப் பெட்டியில் போடுகிற சீட்டில் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால் போதும், யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். நானும் ஒவ்வொரு ஞாயிறும் எழுதினேன். 'ஜெபசிங்கின் பெலவீனம் நீங்க.' எங்கள் சபைக் குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஐயர் அதை வாசிப்பார். பாவம், அறுப்பு மெஷினில் முதுகு போய்விட்டது என்று சபையார் உருகி ஜெபிப்பார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் நான் அடுத்த மாத்திரையை விழுங்குவேன். ஒரு வருடம் இப்படிப் போனது.

பிறகு அசனப் பண்டிகை வந்தது. சபையார் ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுகிற நாள். எங்கள் ஊரில் அன்றைக்கு அடுப்பு ஆண்களுடையது. நான் ஆட்டுக்கறி அண்டாவில் நின்றேன். அன்றைக்குப் பார்த்து எனக்கு மாத்திரை கிடைக்கவில்லை, காலையிலிருந்து உடம்பெல்லாம் நடுக்கம். என் அத்தை மகன் செல்வின் பக்கத்து அடுப்பில் நின்றான். அவன் எனக்கு மச்சான் முறை, கேலி பேச உரிமை உள்ளவன்.

"ஏலே மாப்ளே, ஒம் மெசினு வயல்ல மட்டுந்தான் ஓடுமா?" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கறி கிண்டுகிற நீள இரும்புக் கரண்டி என் கையில் இருந்தது. ஓங்கி அவன் நெற்றியில் அடித்தேன். புருவம் வரைக்கும் தோல் திறந்தது. அவன் சாய்ந்தான், சாய்ந்தவனைத் தோளில் இன்னொன்று அடித்தேன். மூன்று பேர் என்னைப் பிடித்தார்கள். ஒருவருடைய முழங்கையைக் கடித்தேன், வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. பாயில் கொட்டி ஆற வைத்திருந்த சோற்றில் செல்வினுடைய ரத்தம் விழுந்தது. அந்தப் பக்கத்துச் சோற்றை அள்ளி வெளியே கொட்டினார்கள். எங்கள் சபை அசனத்தில் அப்படி நடந்ததே இல்லை.

என்னைப் பிடித்தவர்களை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மெஷின் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டில் அவசரத்துக்கென்று கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெட்டி திறந்து கிடந்தது. எப்சிபா எனக்கு முன்னால் வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் மாத்திரை அட்டைகள்.

"இதுதான் அத்தான் ஒங்களத் திங்குது. நான் இத ஆத்துல போட்டுட்டு வாரேன்" என்று எழுந்தாள்.

"குடு" என்றேன். கொடுக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாக முறுக்கினேன். "குடுட்டி" என்றேன். அவள் விரலை இன்னும் இறுக்கினாள். இன்னும் முறுக்கினேன். பச்சை மட்டையை முறிக்கிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள், முகம் வெளுத்துவிட்டது. அட்டைகள் தரையெல்லாம் சிதறின.

நான் அவளைத் தூக்கவில்லை. முழங்காலில் விழுந்து மாத்திரைகளைப் பொறுக்கினேன். கட்டிலுக்கு அடியில் உருண்ட ஒன்றைக்கூட விடாமல் பொறுக்கினேன். கை தொங்க அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போது எனக்கு உடம்பு கூசுகிறது.

பக்கத்து வீட்டு அக்காதான் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். படித்துறையில் வழுக்கி விழுந்தேன் என்று அங்கே எப்சிபா சொன்னாள். கட்டுப் போட்டதும் அவள் அண்ணன் வந்து கல்லிடைக்குறிச்சிக்கு, அவர்கள் வீட்டுக்கு, அழைத்துப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஐயர் வந்தார். அறுபது வயது, மெலிந்த மனிதர். வந்து உட்காரக்கூட இல்லை.

"எந்தப் பெலவீனம், ஜெபசிங்?"

"முதுகு, ஐயரே."

"முதுகு வலிக்கவன் செல்வின் மண்டைய ஒடைப்பானா? அந்தப் பிள்ள கைய ஒடிப்பானா? ஒரு வருசமா ஒஞ் சீட்ட வாசிக்கேன். சபையே எழும்பி ஆமென் சொல்லுது. எதுக்கு ஆமென் சொல்லுதோம்னு எனக்கே தெரியல. எந்தப் பெலவீனம்லே?"

இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் தள்ளினேன். கதவு நிலையில் மோதி விழுந்தார். கண்ணாடி கழன்று விழுந்தது, அது என் காலில் மிதிபட்டு நொறுங்கியது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஓடிப்போவார் என்று நினைத்தேன். தடவித் தடவிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தள்ளியாச்சில்லா? இப்பச் சொல்லு" என்றார்.

சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன். படுக்கையைச் சொன்னேன். லேடி டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. "எங்கிட்டச் சொன்னத அப்படியே ஆண்டவர்ட்டச் சொல்லு. பேரைச் சொல்லிக் கேளு. மூடி போட்டுக் கேக்காத" என்றார். முழங்காலில் விழுந்தேன். நான் செய்த ஜெபம் இவ்வளவுதான்.

"ஆண்டவரே, மாத்திரை இல்லாம என்னால இருக்க முடியல. எனக்கு ஆம்பளத்தனம் இல்லாமப் போச்சு. கொற எங்கிட்டதான், அவகிட்ட இல்ல. நான் அவ கைய ஒடிச்சிட்டேன்."

ஐயர் ஆமென் என்றார். என்ன நடக்கும் என்று காத்திருந்தேன். உடம்பு சிலிர்க்கும், ஏதாவது வெளிச்சம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஐயர் வேட்டி நுனியால் உதட்டைத் துடைத்துவிட்டு, "சட்டையப் போடு, ஆசுபத்திரிக்குப் போவோம்" என்றார். அதுதான் பதில் என்று இப்போது சொல்லுகிறேன். ஆமென் சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை, கர்த்தர் பதில் கொடுத்துவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் போதையிலிருந்து மீட்கிற பிரிவில் ஒரு அம்மா டாக்டராக இருந்தார். ஐயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "காலையில எழுந்திருக்கும்போது விறைப்பு இருக்கா? ஆசை எப்பலேர்ந்து இல்ல? சவரம் எத்தன நாளுக்கு ஒருக்க?" என்று கேட்டார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஐயர் சுவரில் இருந்த காலண்டரை மிகக் கவனமாகப் படித்தார். ரத்தத்தில் ஆண் ஹார்மோன் பார்த்தார்கள். வயதான ஒருவருக்கு இருப்பதைவிடக் குறைவாக இருந்தது.

அந்த அம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மூளை கீழே விதைக்கு உத்தரவு அனுப்புமாம், ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி. நான் விழுங்கிய மாத்திரை அபின் இனத்தைச் சேர்ந்தது. அது மாதக் கணக்கில் உள்ளே போனால் அந்த உத்தரவையே அமுக்கிவிடும். ஆசை போகும், விறைப்பு போகும், விந்தில் உயிரணு குறையும், எலும்பு பலம் குறையும், மனசு கருகும். பெண்கள் சாப்பிட்டால் மாதவிலக்கு தப்பும், நின்றும் போகலாம். மாத்திரையை விட்டால் பெரும்பாலும் எல்லாம் திரும்பும், ஆனால் நாளாகும் என்றார். ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு பெண்ணின் கர்ப்பப்பைக்காக ஊரே முழங்காலில் நின்றது, நோய் என் சட்டைப்பையில் இருந்தது.

"அப்ப நான் அடிச்சதெல்லாம் இந்த மாத்திரையாலதானா டாக்டர்?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"எரிச்சலுக்கு மருந்தக் காரணம் சொல்லலாம். கை ஓங்குனது நீங்கதான்" என்றார்.

உள்ளே சேர்த்தார்கள். மாற்று மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கினார்கள். அப்படியும் முதல் வாரங்கள் நரகம். பேதி, வாந்தி, எலும்புக்குள் எறும்பு ஓடுகிற மாதிரி வேதனை. ஒரு நாள் வார்டு ஊழியரைக் குத்திவிட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன், கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. குத்து வாங்கிய அண்ணாச்சியே மறுநாள் எனக்குக் கஞ்சி ஊற்றினார். நான் அழுதேன். உங்களில் யாராவது இந்த மாத்திரையில் மாட்டியிருந்தால், வீட்டிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்திப் பார்க்காதீர்கள். ஜெபித்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மருந்தை இறக்கி முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலைந்து மாதம் போனது. தாடி பழையபடி வளர்ந்தது. ஒரு காலையில் விழித்தபோது, நின்றுபோன அது திரும்பியிருந்தது. சிரிப்பீர்கள், நான் கட்டிலில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். யாருமில்லை. உடம்பைத் திருப்பிக் கொடுத்த ஆண்டவரிடம் அன்றைக்குத்தான் வெறி பிடித்தவனாகக் கேட்டேன், அவளைத் திருப்பிக் கொடும் என்று. என்னிடம் வரச்சொல்லும் என்று கேட்கிறாயே, அவள் இழந்த பேரை யார் கொடுப்பது என்று மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது. அது என்னுடைய கேள்வியாக இருக்க முடியாது, எனக்கு அவ்வளவு நல்ல புத்தி கிடையாது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, ஐயரிடம் அனுமதி வாங்கி ஆராதனையில் எழுந்து நின்றேன். "எப்சிபாகிட்ட ஒரு கொறையும் இல்ல. கொற எனக்கு. போத மாத்திர போட்டு என் ஒடம்ப நானே கெடுத்தேன். தெரிஞ்சே அவ மேல பழியப் போட்டேன். அவ வழுக்கி விழல, நாந்தான் கைய ஒடிச்சேன்" என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, "கோயில்ல பேசுத பேச்சாலே இது?" என்று கத்தினார். வெளியே வந்ததும் எப்சிபாவின் அண்ணன் என் சட்டையைப் பிடித்து அறைந்தார், இரண்டு கன்னத்திலும். நான் கையை உயர்த்தவில்லை. என் அம்மா யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போனார். மறுநாள் தனியாக பஸ் ஏறிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போய், எப்சிபா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "எந் நாக்கு அழுகணும்" என்று சொல்லி அழுதாராம்.

செல்வின் என்னை மன்னித்துவிட்டான். போன அசனத்தில், "இவன் தேங்கா துருவட்டும், கரண்டிய மட்டும் குடுத்துராதீங்கவே" என்று எல்லார் முன்னாலும் கத்தினான். நான் தேங்காய் துருவினேன்.

எப்சிபா பிப்ரவரியில் வந்தாள். அவளுடைய வலது கை முழுதாக நீளாது. கரும்பலகையில் உயரமாக எழுத முடியாது. வந்தவள் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மகளிர் காவல் நிலையத்துக்கு அவள் கையால் எழுதிய புகார். சாம்பாரை வீசியது, தாளை வாயில் திணித்தது, கையை முறித்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. கீழே கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"தேதி மட்டும் போடல அத்தான். நீங்க கை ஓங்குத அன்னைக்குப் போட்டுக்கிடுவேன். சம்மதம்னா இங்கன இருக்கேன்" என்றாள்.

"சம்மதம்" என்றேன். அவள் தனி அறையில் பல மாதம் படுத்தாள். நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவளாகவே வந்தாள். அதற்கு மேல் எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்கும் ஆண்டவருக்கும் தெரிந்தது. குழந்தை இன்னும் இல்லை. வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லுகிறார். வந்தாலும் ஸ்தோத்திரம், வராவிட்டாலும் அவளிடம் குறை கேட்க யாருக்கும் வாய் இல்லை.

சகோதரர்களே, உங்களில் எத்தனை பேர் என்னைப் போல் மூடி போட்டுச் சீட்டு எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாட்சி சொன்ன பிறகு மறைவாக வந்து என் காதில் பேசினவர்களே ஏழெட்டுப் பேர். கூச்சத்தைப் பார்த்தால் கை ஒடியும், அதுவும் உங்கள் கை ஒடியாது. இருப்பதை இருக்கிறபடி அவரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்க மாட்டார். என்னைப் போல ஒரு முரடனுக்கே பதில் கொடுத்தவர் உங்களைத் தள்ளிவிட மாட்டார்.

அந்தத் தாள் பீரோவில் அவள் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. பூட்டி வைக்கவில்லை, நான் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் கிழிக்கலாம். எடுக்கவில்லை. தினமும் காலையில் மெஷினுக்குக் கிளம்பும் முன் அதை ஒரு தடவை பார்ப்பேன். ஒரு வருடம் தாண்டிவிட்டது. இன்று காலை வரை அதில் தேதி இல்லை.